மாலைத்தீவின் தேசியப் பாதுகாப்பு

மாலைத்தீவின் தேசியப் பாதுகாப்பு என்பது இந்தியப் பெருங்கடலில் அமைந்துள்ள மாலைத்தீவுக் குடியரசின் ஆட்சி, நிலம், கடற்பரப்பு, மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு ஏற்படும் அச்சுறுத்தல்களையும், அவற்றை எதிர்கொள்ள அந்நாடு கையாளும் வழிமுறைகளையும் குறிக்கும். பரப்பளவில் ஆசியாவின் மிகச்சிறிய நாடு மாலைத்தீவு ஆகும். சிறு நாடுகளின் பாதுகாப்புப் பற்றிய ஆய்வுகளில் இந்நாடு அடிக்கடி எடுத்துக்காட்டாகக் கூறப்படுவதற்கு, 1988 நவம்பர் 3 அன்று ஏறத்தாழ எண்பது பேர் கொண்ட ஒரு கூலிப்படை சில மணி நேரத்தில் தலைநகரின் பெரும்பகுதியைக் கைப்பற்றிய நிகழ்வே முதன்மைக் காரணம் ஆகும். அக்கூலிப்படையினர் ஓர் ஈழத்தமிழ் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் தமிழர் வரலாற்றிலும் இந்நிகழ்வுக்கு ஓர் இடம் உண்டு.

புவியியல் பின்னணி

மாலைத்தீவு ஏறத்தாழ 1,190 பவளத்தீவுகளைக் கொண்டது. இவற்றில் சுமார் 200 தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். தீவுகள் வடக்குத் தெற்காக 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு நிலநடுக்கோட்டைக் கடந்து செல்கின்றன. மொத்த நிலப்பரப்பு சுமார் 300 சதுர கிலோமீட்டர். இது இன்றைய சென்னை மாநகராட்சியின் பரப்பை விடவும் குறைவு. ஆனால் அந்நாட்டின் தனிப்பொருளாதாரக் கடல் மண்டலம் ஏறத்தாழ 9 இலட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். அதாவது ஒரு மாநகரை விடச் சிறிய நிலத்தில் வாழும் மக்கள், தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு பரப்புள்ள கடலைக் காக்க வேண்டியுள்ளது. 2022 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, வெளிநாட்டினர் உட்பட அந்நாட்டின் மக்கள்தொகை சுமார் 5.15 இலட்சம்.

இந்தியாவின் மினிக்காய் தீவிலிருந்து மாலைத்தீவின் வடகோடி ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இந்தியா, இலங்கை, மாலைத்தீவு ஆகிய மூன்று நாடுகளின் கடல் எல்லைகளும் சந்திக்கும் புள்ளி மன்னார் வளைகுடாப் பகுதியில் 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மாலைத்தீவைத் தொலைவிலுள்ள சுற்றுலாத் தலமாகவே பலரும் எண்ணுவதுண்டு. கடல் எல்லையைப் பொறுத்தவரை அது அண்டை நாடு.

வரலாறு

தீவுகள் சிதறிக் கிடப்பதும் தலைநகர் மாலே மிகச் சிறியதாக இருப்பதும் பழங்காலம் முதலே படையெடுப்போருக்கு வாய்ப்பாக அமைந்தன. முதலாம் இராசராச சோழனின் மெய்க்கீர்த்தியில் குறிப்பிடப்படும் பழந்தீவுகள் மாலைத்தீவே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. 1558 இல் போர்த்துக்கேயர் மாலேயைக் கைப்பற்றினர். 1573 இல் முகம்மது தக்குருபானு தலைமையிலான கிளர்ச்சியால் வெளியேற்றப்பட்டனர். 1752 இல் கண்ணூர் அலி ராஜாவின் படையினர் சுல்தானைச் சிறைபிடித்துச் சென்று சில மாதங்கள் மாலேயைத் தம் வசம் வைத்திருந்தனர். இந்நிகழ்வுகள் அனைத்திலும் பொதுவான ஒரு கூறு காணப்படுகிறது: மாலே வீழ்ந்தால் நாடே வீழ்ந்ததாகக் கருதப்பட்டது. பின்வாங்கிச் சென்று போரிடுவதற்கு உள்நாடு என்று ஒன்று இல்லை.

1887 முதல் மாலைத்தீவு பிரித்தானியப் பாதுகாப்பில் இருந்தது. தென்கோடியிலுள்ள அட்டூ தீவுக்கூட்டத்தின் கான் தீவில் பிரித்தானியர் வான்படைத் தளம் அமைத்திருந்தனர். இத்தளம் தந்த வேலைவாய்ப்பும் மாலேயின் மீதான மனக்குறைகளும் சேர்ந்து, 1959 இல் தென்பகுதித் தீவுகள் பிரிந்து 'ஐக்கிய சுவாதீவுக் குடியரசு' என்ற பெயரில் தனிநாடு அறிவிக்க வழிகோலின. அம்முயற்சி 1963 இல் முடிவுக்கு வந்தது. அதன் தலைவர் அப்துல்லா அபீப் தீதி சீசெல்சுக்குச் சென்றார். மாலைத்தீவு 1965 சூலை 26 அன்று விடுதலை பெற்றது. 1976 மார்ச்சில் பிரித்தானியப் படையினர் கான் தளத்தை விட்டு அகன்றனர். அதன் பிறகு அந்நாட்டைக் காக்கும் பொறுப்பை ஏற்ற வெளிநாடு எதுவும் இல்லை. சொந்தப் படை என்று சொல்லத்தக்கதும் இல்லை. தேசியப் பாதுகாப்புச் சேவை என்ற ஒரே அமைப்பே காவல்துறையாகவும் தீயணைப்புத் துறையாகவும் படையாகவும் விளங்கியது.

1988 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி

மௌமூன் அப்துல் கயூம் 1978 முதல் குடியரசுத் தலைவராக இருந்தார். அவருக்கு எதிராக 1980, 1983 ஆகிய ஆண்டுகளிலும் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிகள் நடந்தன. அவை பெரிய விளைவு எதையும் ஏற்படுத்தவில்லை. 1988 முயற்சியைத் திட்டமிட்டவர் இலங்கையில் வணிகம் செய்துவந்த மாலைத்தீவினரான அப்துல்லா லுத்துபி ஆவார். ஆள்பலம் தந்தது தமிழீழ மக்கள் விடுதலைக் கழகம் (புளொட்).

புளொட் இயக்கத்தின் தலைவர் உமா மகேசுவரன் தொழிலால் நில அளவையாளர். தொடக்கத்தில் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து பின்னர் பிரபாகரனுடன் முரண்பட்டுப் பிரிந்தவர். இம்முரண்பாடு தமிழ்நாட்டு மக்களுக்கு நேரடியாகத் தெரியவந்தது சென்னை தியாகராய நகரில் ஆகும். 1982 மே 19 அன்று பாண்டி பசாரில் இருவரும் எதிர்ப்பட்டபோது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. உமா மகேசுவரனுடன் வந்தவர் காயமுற்றார். துணிக்கடைகளுக்கும் நடைபாதைக் கடைகளுக்கும் பெயர்பெற்ற, மாலை நேரத்தில் நடக்கவும் இடமில்லாத அத்தெருவில் நிகழ்ந்த சண்டை நகரத்தாரை அதிர்ச்சியில் ஆழ்த்தியது. பிரபாகரன் அங்கேயே பிடிபட்டார். உமா மகேசுவரன் சில நாட்களுக்குப் பின் கும்மிடிப்பூண்டியில் கைது செய்யப்பட்டார். இவர்களைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு இலங்கை அரசு கோரியது. தமிழ்நாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்திய அரசு ஒப்படைக்கவில்லை. பிணையில் வந்த பிரபாகரன் மதுரையிலும் உமா மகேசுவரன் சென்னையிலும் தங்கியிருந்தனர். இத்தெருவுக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பதே முறையான பெயர் எனினும், ஈழப் போராட்டம் பற்றிய நூல்களிலும் 'பாண்டி பசார் நிகழ்வு' என்றே பதிவாகியுள்ளது.

1983 சூலைக் கலவரத்துக்குப் பின் இந்தியாவில் பயிற்சி பெற்ற இயக்கங்களுள் ஆள்பலம் மிகுந்தவற்றில் ஒன்றாகப் புளொட் இருந்தது. உட்பூசல்களாலும் புலிகளின் கை ஓங்கியதாலும் 1980களின் பிற்பகுதியில் அது பெரிதும் நலிவுற்றது. 1987 இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின்படி இந்திய அமைதிப்படை இலங்கையின் வடக்கு கிழக்கில் நிலைகொண்டிருந்தது. ஆயுதமும் பயிற்சியும் உள்ள, ஆனால் களமும் நிதியும் இல்லாத ஓர் இயக்கம். பணமும் நோக்கமும் உள்ள, ஆனால் படை இல்லாத ஒரு வணிகர் - இவ்விரு தரப்பும் இணைந்ததே 1988 முயற்சி எனலாம். வெற்றி பெற்றால் மாலைத்தீவில் தமக்கு ஒரு தளம் கிடைக்கும் என்பது புளொட்டின் எதிர்பார்ப்பு எனக் கூறப்படுகிறது.

நவம்பர் 3 விடியலுக்கு முன் கூலிப்படையினர் கடல்வழியாக மாலேயில் இறங்கினர். சிலர் முன்னரே பயணிகள் போல வந்து நகரில் தங்கியிருந்தனர். நகரின் முக்கிய இடங்கள் பல விரைவில் அவர்கள் வசமாயின. ஆயினும் இரண்டு செயல்களில் அவர்கள் தோற்றனர். முதலாவது, குடியரசுத் தலைவரைப் பிடிக்க இயலவில்லை; கயூம் வீடு வீடாக மாறி மறைவிடத்தில் இருந்தார். இரண்டாவது, தேசியப் பாதுகாப்புச் சேவையின் தலைமையகத்தைக் கைப்பற்ற இயலவில்லை. உள்ளிருந்த வீரர்கள் நாள் முழுதும் தாக்குப்பிடித்தனர். இந்தியப் படை வந்துதான் எல்லாம் நடந்தது என்பது போன்ற ஒரு தோற்றம் இந்திய நூல்களில் காணப்படுகிறது. அத்தலைமையகம் காலையிலேயே வீழ்ந்திருந்தால், உதவி கேட்கும் அரசு ஒன்று எஞ்சியிருந்திருக்குமா என்பதே ஐயத்திற்குரியது.

மறைவிடத்திலிருந்து கயூம் அரசு இலங்கை, பாக்கித்தான், சிங்கப்பூர், ஐக்கிய அமெரிக்கா, பிரித்தானியா, இந்தியா ஆகிய நாடுகளிடம் உதவி கோரியது. டியேகோ கார்சியா தளத்திலிருந்து படை வந்துசேர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பது அமெரிக்காவின் நிலை. பிரித்தானியா, இந்தியாவைக் கேட்பதே விரைவான வழி என்ற கருத்தைத் தெரிவித்தது. பிரதமர் ராஜீவ் காந்தியின் அரசு அன்றே முடிவெடுத்தது.

கள்ளிச் செடியின் பெயரால் 'காக்டஸ் நடவடிக்கை' என அழைக்கப்பட்ட இதில், பிரிகேடியர் பரூக் புல்சாரா தலைமையிலான 50 ஆவது வான்குடைப் படைப்பிரிவின் வீரர்கள் ஆக்ராவிலிருந்து இலியூசின்-76 வானூர்திகளில் 2,000 கிலோமீட்டருக்கும் மேல் இடைநில்லாது பறந்து, அன்றிரவே அல்லுலே தீவிலுள்ள வானூர்தி நிலையத்தில் இறங்கினர். இத்தீவு மாலேக்கு எதிரே, குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் உள்ளது. இதைக் கூலிப்படையினர் உறுதியாகத் தம் வசம் வைத்திராதது அவர்களது திட்டத்தின் பெருங்குறை. ஓடுபாதையில் சில வண்டிகளை நிறுத்தியிருந்தாலே வானூர்திகள் இறங்கியிருக்க முடியாது. மாலேக்கான இந்தியத் தூதர் ஏ. கே. பானர்ஜி அப்போது தில்லியில் இருந்ததால் படையினருடனேயே சென்றார். அங்கிருந்து கிடைத்த படகுகளில் மாலேக்குச் சென்ற வீரர்கள் நவம்பர் 4 அதிகாலையில் குடியரசுத் தலைவரை மீட்டனர்.

லுத்துபியும் கூலிப்படையினர் பலரும் பணயக்கைதிகளுடன் 'புரோகிரசு லைட்' என்ற சரக்குக் கப்பலில் இலங்கை நோக்கித் தப்பினர். இந்தியக் கடற்படையின் கோதாவரி, பெட்வா ஆகிய போர்க்கப்பல்கள் அதனைத் தொடர்ந்து சென்று நவம்பர் 6 அன்று மடக்கின. நிகழ்வு முழுவதிலும் 19 பேர் இறந்ததாகப் பெரும்பாலான பதிவுகள் கூறுகின்றன. இவர்களுள் பணயக்கைதிகளும் அடங்குவர். பிடிபட்டோர் பின்னர் மாலைத்தீவிடம் ஒப்படைக்கப்பட்டனர். லுத்துபி உள்ளிட்டோருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை வாழ்நாள் சிறையாகக் குறைக்கப்பட்டது. உமா மகேசுவரன் 1989 சூலை 16 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். நவம்பர் 3 மாலைத்தீவில் வெற்றி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பிற சிறு நாடுகளுடன் ஒப்பீடு

இத்தகைய நிகழ்வு மாலைத்தீவுக்கு மட்டும் உரியதன்று. 1981 நவம்பரில் மைக் ஓர் என்பவர் தலைமையில் சீசெல்சுக்குச் சுற்றுலாக் குழுவினர் போல வந்த கூலிப்படையினர், சுங்கச் சோதனையில் ஒருவரது பையில் துப்பாக்கி வெளிப்பட்டதால் பிடிபடும் நிலைக்கு ஆளாகி, இந்திய வானூர்தி ஒன்றைக் கடத்தித் தென்னாப்பிரிக்காவுக்குத் தப்பினர். கொமொரோசு தீவுகளில் பிரெஞ்சுக் கூலிப்படைத் தலைவர் பாப் தெனார் 1978 இல் ஆட்சியையே மாற்றினார். மூன்று நாடுகளும் இந்தியப் பெருங்கடல் தீவுகள் என்பதும், மூன்றிலும் வந்தவர்கள் ஓர் அரசின் படையினர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கன. பெருநாட்டின் பாதுகாப்புக் கணக்கில் எண்பது பேர் ஒரு பொருட்டல்ல. சிறு நாட்டில் அவர்கள் ஒரு படையெடுப்பு.

1983 இல் கிரெனடாவில் அமெரிக்கா தலையிட்ட பின் பொதுநலவாய நாடுகள் அமைப்பு சிறு நாடுகளின் நலிவுநிலை பற்றி 1985 இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1988 நிகழ்வுக்குப் பின் மாலைத்தீவு இச்சிக்கலை ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டு சென்றது; சிறு நாடுகளின் பாதுகாப்புப் பற்றிய 44/51 ஆம் தீர்மானம் 1989 திசம்பரில் பொதுச்சபையில் நிறைவேறியது. அதே மாதம் கூலிப்படைகளுக்கு எதிரான பன்னாட்டு உடன்படிக்கையும் ஏற்கப்பட்டது. தீர்மானம் எந்த நாட்டையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் சிறு நாட்டின் பாதுகாப்பைத் தனியொரு பொருளாகப் பேச அது இடமளித்தது.

படை அமைப்பு

தேசியப் பாதுகாப்புச் சேவையிலிருந்து காவல்துறை 2004 இல் பிரிக்கப்பட்டது. எஞ்சிய அமைப்பு 2006 இல் மாலைத்தீவு தேசியப் பாதுகாப்புப் படை எனப் பெயர் மாற்றம் பெற்றது. கடலோரக் காவல் பிரிவே இதில் முதன்மையானது. இந்தியக் கடலோரக் காவல்படையுடனான 'தோசுத்தி' கூட்டுப் பயிற்சி 1991 முதல் நடைபெறுகிறது. 2012 முதல் இலங்கையும் பங்கேற்கிறது. அதிகாரிகள் பலர் இந்தியாவிலேயே பயிற்சி பெறுகின்றனர். நீலகிரி வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரியும், சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் அவ்வகையில் தமிழ்நாட்டிலுள்ள நிறுவனங்கள் ஆகும். பரங்கிமலையிலிருந்து தியாகராய நகர் பத்துக் கிலோமீட்டர் தொலைவு கூட இல்லை.

பெருநாடுகளுக்கிடையே

காப்பாற்ற வருபவரின் படையே நிலையாகத் தங்கிவிடுமோ என்ற அச்சம் சிறு நாடுகளில் இயல்பானது. 1988 இல் வந்த இந்தியப் படை, பணி முடிந்த பின் திரும்பிச் சென்றது. மாலைத்தீவில் இந்தியா பெற்ற நற்பெயருக்கு நடவடிக்கையின் வெற்றியைப் போலவே இதுவும் காரணமாகும். ஆனால் பின்னாளில் அந்த அச்சம் வேறு வடிவில் எழுந்தது. இந்தியா வழங்கிய இரண்டு உலங்கு வானூர்திகளையும் ஒரு தோர்னியர் வானூர்தியையும் இயக்க எண்பதுக்கு அருகான இந்தியப் படையினர் தங்கியிருந்தனர். அவற்றின் பணி பெரும்பாலும் தொலைதூரத் தீவுகளிலிருந்து நோயாளிகளை மாலேக்குக் கொண்டு வருவதும் கடல் கண்காணிப்பும் ஆகும். 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கம் வலுப்பெற்ற சூழலில் 2023 நவம்பரில் பதவியேற்ற குடியரசுத் தலைவர் முகமது முய்சு இவர்களைத் திரும்பப் பெறுமாறு கோரினார். 2024 மே 10க்குள் படையினர் அனைவரும் வெளியேறினர். அவர்களுக்குப் பதிலாக இந்தியக் குடிசார் தொழில்நுட்பப் பணியாளர் அமர்த்தப்பட்டனர். இறையாண்மை பற்றிய கோரிக்கையும் நோயாளிகளின் தேவையும் ஒருங்கே நிறைவேறிய ஏற்பாடு இது என்று கொள்ளலாம்.

சீனாவின் உதவியுடன் கட்டப்பட்ட மாலே - அல்லுலே பாலம் 2018 இல் திறக்கப்பட்டது. படைத்துறை உதவி தொடர்பாகச் சீனாவுடன் 2024 மார்ச்சில் உடன்பாடு கையெழுத்தானது. அதற்கு முன் 2020 இல் அமெரிக்காவுடனும் பாதுகாப்பு உடன்பாடு ஏற்பட்டது. 2024 அக்டோபரில் முய்சு தில்லி வந்தபோது இந்தியா 40 கோடி அமெரிக்க தாலர் நாணயப் பரிமாற்ற உதவி அளித்தது. படைகளை விடக் கடன் தவணைகளே இன்று அந்நாட்டின் வெளியுறவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

உள்நாட்டுச் சிக்கல்கள்

2007 செப்டம்பரில் மாலேயின் சுல்தான் பூங்காவில் நடந்த குண்டுவெடிப்பில் சுற்றுலாப் பயணிகள் 12 பேர் காயமடைந்தனர். 2021 மே 6 அன்று முன்னாள் குடியரசுத் தலைவரும் நாடாளுமன்றச் சபாநாயகருமான முகமது நசீது குண்டுவெடிப்பில் படுகாயமுற்றார். மத்திய கிழக்குப் போர்களுக்கு மாலைத்தீவு இளைஞர்கள் சென்றதும் கவலைக்குரியதாக இருந்துள்ளது. சுற்றுலாவே முதன்மை வருவாய் என்பதால், சிறு தாக்குதலும் நாட்டின் கருவூலத்தையே பாதிக்கும்.

அரசியல் பகைமை தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டதுண்டு. வழக்குகளை எதிர்கொண்டிருந்த முன்னாள் துணைக் குடியரசுத் தலைவர் அகமது அதீபு, 2019 ஆகத்து 1 அன்று 'விர்கோ 9' என்ற இழுவைப் படகில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தார். உரிய ஆவணங்கள் இல்லாததால் அவர் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. பின்னர் கடலில் மாலைத்தீவு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டார்.

கடல், நீர், உணவு

மாலைத்தீவின் நிலம் சராசரியாகக் கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே உடையது. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேக்குள் புகுந்தன. அதன் பின்னரே சப்பானிய உதவியுடன் நகரைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் கயூம் கடல்மட்ட உயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் உரையாற்றினார். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சென்னைக் கடற்கரையையும் நாகப்பட்டினத்தையும் தாக்கிய அதே அலையே அது. ஆனால் ஓடி ஏற மேடு இல்லாத நாட்டில் சில தீவுகள் முற்றாகக் கைவிடப்பட வேண்டியதாயிற்று.

உணவுப் பொருட்கள் பெரும்பாலும் இறக்குமதி ஆகின்றன. 1981 ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அரிசி, வெங்காயம், முட்டை முதலியவற்றைக் குறிப்பிட்ட அளவு வழங்க இந்தியா இசைந்துள்ளது. உள்நாட்டில் ஏற்றுமதித் தடை உள்ள காலத்திலும் இவ்வளவு தரப்படுவது வழக்கம். 2024-25 ஆம் ஆண்டுக்கு 42 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் ஒதுக்கப்பட்டன. நாமக்கல் முட்டை மாலேக்குச் செல்வது இவ்வகையில்தான்.

எல்லாவற்றினும் இக்கட்டானது குடிநீர். 2014 திசம்பர் 4 அன்று மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீ விபத்து ஏற்பட்டது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேருக்குக் குழாய்நீர் நின்றது. சென்னையில் மீஞ்சூரும் நெம்மேலியும் ஒருங்கே பழுதானாலும் செம்பரம்பாக்கமும் வீராணமும் இருக்கும். மாலேக்கு ஏரியோ ஆறோ இல்லை, நிலத்தடி நீரும் குடிக்கத் தகாதது. மாலைத்தீவு மீண்டும் இந்தியாவிடம் உதவி கோரியது. 1988 இல் ஆக்ராவிலிருந்து சென்ற அதே வகை இலியூசின்-76 வானூர்திகளும் சி-17 வானூர்திகளும் இம்முறை தில்லியிலிருந்து அரக்கோணம் கடற்படை வானூர்தித் தளம் வழியாகக் குடிநீர்ப் புட்டிகளைச் சுமந்து சென்றன. மூன்று நாட்களில் 374 டன் நீர் வான்வழியாகச் சேர்க்கப்பட்டது. கடற்படையின் சுகன்யா, தீபக் ஆகிய கப்பல்கள் ஏறத்தாழ 2,000 டன் நீரை வழங்கின.